பார்க்காமல் அளிக்கும் வோட்டு

அமெரிக்காவில் தொலைக்காட்சித் துறையினருக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வரும் எம்மி பரிசுகளின் வோட்டு முறையைப் பற்றி அந்நாட்டிலேயே நெடுங்காலமாக அதிருப்தி இருந்து வருகிறது. பரிசு கிட்டாதவர்களின் மனத்தாங்கல் என்று இதை ஒதுக்கிவிடுவதற்கில்லை. 2023-ம் ஆண்டின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். நாடகத் தொடர்களில் நடித்த துணை நடிகர்களின் பிரிவில் எட்டுப் பெயர்கள் பரிந்துரைக்கப்பட்டன. அந்த எட்டுப் பேரும் இரண்டே தொடர்களைச் சேர்ந்தவர்கள். நால்வர் ‘சக்ஸெஷன்’ தொடரில் நடித்தவர்கள். மற்ற நால்வர் ‘தி ஒயிட் லோட்டஸ்’ தொடரில் நடித்தவர்கள். இரண்டும் எச்.பி.ஓ. என்ற ஒரே நிறுவனத்தின் வெளியீடுகள். அதே ஆண்டில் துணை நடிகையர் பிரிவில் இருந்த எட்டு இடங்களில் ஐந்து ‘ஒயிட் லோட்டஸ்’ தொடருக்கே போயின. அதற்கு முந்திய 2022-ம் ஆண்டிலும் குறுந்தொடர்ப் பிரிவின் துணை நடிகையருக்குரிய ஏழு இடங்களில் ஐந்தை இதே தொடர்தான் பெற்றது.

இந்நடிகர்களின் திறமையை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. அவர்களிற் பலர் கைதேர்ந்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2022-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் 599 கதைத் தொடர்கள் வெளியாயின என்று எஃப்.எக்ஸ். நிறுவனத்தார் கணக்கெடுத்துச் சொன்னார்கள். ஏறக்குறைய அறுநூறு தொடர்கள் வெளியாகும் ஒரு தேசத்தில், சிறந்த துணை நடிகர்கள் அனைவரும் இரண்டு தொடர்களில் மட்டுமே கூடிவிட்டார்கள் என்று எவரேனும் நம்ப முடியுமா? வோட்டர்கள் அந்த இரண்டு தொடர்களை மட்டுமே பார்த்திருந்தார்கள் என்று கொள்வதல்லவா பொருத்தம்? நோய் எங்கே இருக்கிறது என்பதை இந்தக் கேள்வியே காட்டிவிடுகிறது.

அயல் நாட்டார் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் பரிசைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வாசகர்களிற் சிலர் கேட்கலாம். அத்தொடர்கள் இன்று இணையத்தின் வழியாக நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டன. எதைப் பார்ப்பது, எதை விடுப்பது என்று மலைத்து நிற்பவருக்கு ‘எம்மி பெற்றது’ என்ற முத்திரை வழிகாட்டியாகிவிடுகிறது. இது ஒரு காரணம். மற்றொரு காரணம் இதைவிட முக்கியமானது. பலர் கூடி வோட்டளித்துக் கௌரவம் வழங்கும் எந்த ஸ்தாபனத்துக்கும், அது நியூயார்க்கில் இருந்தாலும் சரி, நம் ஊர்ச் சங்கமாக இருந்தாலும் சரி, ஏற்படக்கூடிய சங்கடங்கள் எல்லாம் எம்மியின் சரித்திரத்தில் ஏற்பட்டிருக்கின்றன. பிறர் பட்ட அநுபவத்திலிருந்து பாடம் கற்பது செலவில்லாத கல்வியாகும்.

இப்பரிசு தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். டெலிவிஷன் அகாதமி 1946-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஸ்தாபிக்கப்பட்டது. முதல் பரிசு விழா 1949 ஜனவரி 25-ந் தேதி ஹாலிவுட்டில் நடைபெற்றது. ஷெர்லி டின்ஸ்டேல் என்ற பெண்மணி, பொம்மையைப் பேசவைக்கும் கலையில் வல்லவர், முதல் எம்மியைப் பெற்றார். அன்று அது ஓர் ஊர் விழா. பரிசு கொடுத்தவர்களும் பெற்றவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒருவர் வேலையை மற்றவர் பார்த்தவர்கள். பிற்பாடு துறை வளர்ந்தது. கேபிள் நிகழ்ச்சிகள் 1988-ல் போட்டிக்குள் அநுமதிக்கப்பட்டன. நெட்ஃபிளிக்ஸ் போன்ற இணையவழி நிறுவனங்கள் 2013 முதல் முக்கியப் பிரிவுகளில் இடம்பெறத் தொடங்கின. 2018-ல் நெட்ஃபிளிக்ஸ் 112 பரிந்துரைகளைப் பெற்று, 108 பெற்ற எச்.பி.ஓ.வை முந்தியது. இப்பொழுது அகாதமியின் அங்கத்தினர் தொகை இருபதாயிரத்துக்கு மேற்பட்டது. ஆள் பெருகியது, படைப்பும் பெருகியது, ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குள்ள மணிகள் மட்டும் இருபத்து நான்காகவே இருக்கின்றன. தொல்லைக்கெல்லாம் மூலம் இதுவே.

பரிசு வழங்குவதில் இரண்டு படிகள் உண்டு. முதற்படியில் அங்கத்தினர்கள் போட்டிக்கு வந்த பெயர்களிலிருந்து சிலவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். நடிகர்களின் பெயரை நடிகர் குழுவினரும், எழுத்தாளர்களின் பெயரை எழுத்தாளர் குழுவினரும், இவ்வாறே அந்தந்தத் தொழிலார் தத்தம் தொழிலாரையும் குறிக்கிறார்கள். சிறந்த தொடர் எது என்பதில் மட்டும் எல்லோருக்கும் வோட்டு உண்டு. போட்டிக்கு வந்த பெயர்களின் தொகையைப் பொறுத்துப் பரிந்துரை இடங்கள் ஐந்து முதல் எட்டு வரை அமைகின்றன. இரண்டாம் படியில் அப்படிப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் ஒருவர் வெற்றி பெறுகிறார். வோட்டுகளை எண்ணுவது எர்ன்ஸ்ட் அண்டு யங் என்ற கணக்காய்வு நிறுவனம். எண்ணுவதில் குற்றம் இருப்பதாக நாம் சொல்லவில்லை. எண்ணப்படும் வோட்டு எத்தகையது என்பதே நமது கேள்வி.

கடந்த கால் நூற்றாண்டில் அகாதமியார் இம்முறையைத் திருத்தாமல் வாளாவிருந்தார்கள் என்று ஒருவரும் குறை கூற முடியாது. இவர்கள் திருத்தியதுபோல் வேறு எந்தப் பரிசு ஸ்தாபனமும் தன் விதிகளைத் திருத்தியிருக்குமா என்பது சந்தேகமே. 1999 வரையில் இறுதித் தீர்ப்பை அளித்தவர்கள் சிறு சிறு குழுவினர். அவர்கள் ஒரு வார இறுதியில் ஹோட்டலில் கூடி, போட்டிக்குரிய காட்சிகள் அனைத்தையும் உட்கார்ந்து பார்த்து, பிறகு வோட்டளித்தார்கள். பார்த்தே தீரவேண்டும் என்பது அம்முறையின் பெருமை. அவ்வாறு இரண்டு நாள் ஓய்வாக வந்து உட்காரக்கூடியவர்கள் மட்டுமே தீர்ப்பளித்தார்கள் என்பது அதன் சிறுமை. வேலையில் மும்முரமாக இருந்த இளைஞர்களுக்கு அதில் பங்கு மிகக் குறைவாகவே இருந்தது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வெற்றி பெற்றது. ‘மர்ஃபி பிரவுன்’ தொடருக்காக ஐந்து முறை பரிசு பெற்ற கேண்டிஸ் பெர்கன் அம்மையார், போதும் என்று தாமே போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். நடுவர்களுக்குத் தோன்றாத நியாயம் பரிசு பெற்றவருக்குத் தோன்றியது!

2000-ல் ஹோட்டல் கூட்டம் ஒழிக்கப்பட்டது. வீட்டிலிருந்தே ஒளிநாடாவைப் பார்த்து வோட்டளிக்கலாம் என்று ஏற்பட்டது. குழு விரிந்தது. 2006-ல் வேறொரு பரிசோதனை செய்தார்கள். பொது வோட்டில் முன்னணியில் வந்த முதல் 15 முதன்மை நடிகர்களையும் முதல் 10 தொடர்களையும் ஒரு குழு பார்த்து, அவற்றிலிருந்து பரிந்துரைப் பட்டியலைத் தயாரித்தது. முந்திய ஆண்டில் சிறந்த நாடகத் தொடர் என்று பரிசு பெற்ற ‘லாஸ்ட்’ அவ்வாண்டில் பட்டியலிலேயே இல்லை. ‘ஹவுஸ்’ தொடரின் ஹியூ லாரியும் ‘சோப்ரானோஸ்’ தொடரின் ஜேம்ஸ் கண்டோல்ஃபினியும் விடுபட்டார்கள். பெருங்கூச்சல் எழுந்தது. மறு ஆண்டு குழுவின் தீர்ப்பையும் பொது வோட்டையும் சரிபாதியாகக் கலந்தார்கள். 2009-ல் பரிந்துரைக் குழுவையே கைவிட்டார்கள். 2015-ல் இறுதிச் சுற்றையும் அந்தந்தத் தொழில் அங்கத்தினர் அனைவருக்கும் இணையத்தின் மூலம் திறந்துவிட்டார்கள். 2016-ல் வரிசைப்படுத்தி வோட்டளிக்கும் பழைய வழக்கத்தை விட்டு, ஒரு பெயரை மட்டும் குறித்தால் போதும் என்று விதித்தார்கள். முதற்படியில் ஒருவர் எத்தனை பெயர்களைக் குறிக்கலாம் என்ற வரம்பும் ஒரு சமயம் நீக்கப்பட்டுப் பின்னர் மறுபடியும் விதிக்கப்பட்டது.

இச்சரித்திரத்தை ஒருசேர நோக்குவோருக்கு ஓர் உண்மை விளங்கும். ஊஞ்சல் ஒரு புறத்திலிருந்து மறு புறத்துக்குப் போயிருக்கிறது. ஒரு புறத்தில், பார்த்துத் தீர்ப்பளிக்கும் சிலர். மறு புறத்தில், பார்த்தோ பாராமலோ தீர்ப்பளிக்கும் பலர். சிலரின் ஆட்சியில் விரிவு இல்லை. பலரின் ஆட்சியில் விசாரணை இல்லை. வோட்டுரிமையை விரிவாக்கிய பொழுது, அதனுடன் பிறந்த கடமையை விட்டுவிட்டார்கள். உரிமை வளர்ந்த அளவுக்குக் கடமையும் வளர வேண்டும் என்பதை ஜனநாயகத்தில் நம்பிக்கையுள்ள ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்வார்கள்.

நீதி ஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இது புதிய விஷயமன்று. ஜூரிமார் முன்னிலையில் வழக்கு நடக்கும் நாடுகளில், ஜூரர் ஒருவர் சாட்சியத்தைக் கேளாமல் வெளியே உலாவிவிட்டுத் தீர்ப்பளிக்கும் நேரத்துக்கு மட்டும் வந்து கையைத் தூக்கினால் அத்தீர்ப்பு நிற்குமா? பன்னிரண்டு பேரில் பதினொருவர் முழுவதும் கேட்டிருந்தார்கள் என்று சமாதானம் சொன்னால் எந்த நீதிபதியாவது ஏற்பாரா? ஒருவருடைய உயிரோ உடைமையோ சம்பந்தப்பட்டதற்கும் ஒரு பரிசுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும் நியாயத்தின் தத்துவம் ஒன்றே. கேளாதவன் தீர்ப்பளிக்கலாகாது, பாராதவன் பரிசளிக்கலாகாது.

இது வெறும் தத்துவம் என்று சொல்பவர்களுக்கு இரண்டு திருஷ்டாந்தங்கள் காட்டுவோம். 2006-ல் ‘மிஸஸ் ஹாரிஸ்’ என்ற தொலைக்காட்சிப் படத்துக்காக எலென் பர்ஸ்டின் அம்மையாரின் பெயர் துணை நடிகையர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. அவர் பெரும் புகழ் வாய்ந்த நடிகை என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்படத்தில் அவர் தோன்றியது 14 விநாடி. பேசியது 38 சொற்கள். படத்தைப் பார்த்தவர்கள் இப்பெயரைக் குறித்திருப்பார்களா? பட்டியலில் பழகிய பெயர் ஒன்று கண்ணில் பட்டது, கை அதைக் குறித்தது, அவ்வளவே. வெட்கமுற்ற அகாதமியார் மறு ஆண்டில், துணை நடிகர்கள் குறைந்தது நூற்றுக்கு ஐந்து பங்கு நேரமாவது திரையில் தோன்ற வேண்டும் என்று விதி செய்தார்கள். வோட்டர் பார்க்கவில்லை என்பது நோய். நடிகர் தோன்றிய நேரத்தை அளந்தது மருந்து! கண் வலிக்குக் காலில் கட்டுப் போட்டது போலாயிற்று.

இரண்டாவது திருஷ்டாந்தம் ‘தி வயர்’ என்ற தொடர். 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்களாக வெளிவந்த இத்தொடர், பால்டிமோர் நகரத்தின் போலீஸார், துறைமுகத் தொழிலாளர், பள்ளிக்கூடங்கள், பத்திரிகை ஆபீஸ் ஆகியவற்றை எல்லாம் ஒரே சித்திரமாக்கிக் காட்டியது. தொலைக்காட்சியின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றென்று இன்று விமர்சகர்கள் பலர் இதைக் கொண்டாடுகிறார்கள். இத்தொடருக்குக் கிடைத்த எம்மி பரிந்துரைகள் மொத்தம் இரண்டு; இரண்டும் எழுத்துக்கு. பரிசு ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் கறுப்பினத்தவரான அதன் நடிகர் கூட்டத்தில் ஒருவர் பெயரும் பட்டியலில் ஏறவில்லை. ஆனால் ஜார்ஜியா சர்வகலாசாலையைச் சார்ந்த பீபாடி பரிசு 2003-க்குரிய பரிசுகளில் ஒன்றாக இத்தொடருக்கு அளிக்கப்பட்டது. பீபாடி பரிசை நிர்ணயிப்பவர்கள் ஒரு சிறு நடுவர் குழுவினர்; அவர்கள் ஏகமனதாக முடிவு செய்தாலன்றிப் பரிசு கிடையாது. கூடிப் பார்த்து விவாதித்த சிலரின் கண்ணில் பட்டது, ஆயிரக்கணக்கானோரின் கண்ணில் படவில்லை. சிலர் மேதைகள், பலர் மூடர்கள் என்பது இதன் பொருளன்று. முன்னவர்கள் பார்த்தார்கள் என்பதே இதன் பொருள்.

இதனால் நஷ்டம் யாருக்கு? பெரிய நிறுவனங்களுக்கு நஷ்டமில்லை. தங்கள் தொடரை அங்கத்தினர் பார்வைக்குக் கொண்டு வரச் சுவர் விளம்பரமும் விருந்தும் விசேஷக் காட்சியும் நடத்தப் பணம் உள்ளவர்கள் அவர்கள். நஷ்டம் சிறியவர்களுக்கே. பெயர் தெரியாத நடிகருக்கு எம்மி பரிந்துரை ஒன்று கிடைத்தால் அடுத்த வேலை கிடைக்கிறது, கூலி உயருகிறது. பார்ப்போர் குறைந்த தொடருக்குப் பரிசு கிடைத்தால் அதன் ஆயுள் ஓராண்டாவது நீடிக்க வழி உண்டாகிறது. விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவனுக்குத் தகுதி ஒன்றே துணை. அந்தத் தகுதியை எவரும் பார்க்கவே போவதில்லை என்றால் அவன் எங்கே போவான்?

இனி, செய்ய வேண்டியது என்ன என்பதை ஆராய்வோம். குறை கூறுவது எளிது. பத்திரிகைக்காரர்களுக்கு அது மிகவும் எளிது. ஆகவே நமது யோசனைகளையும், அவற்றுக்கு எதிராகச் சொல்லக்கூடிய ஆட்சேபங்களையும் சேர்த்தே கூறுகிறோம்.

முதலாவது, பரிந்துரைப் படியில் பார்ப்பவர்களின் குழுவை மறுபடியும் ஏற்படுத்த வேண்டும். 2006-ல் இது தோற்றதே என்பார்கள். ஏன் தோற்றது என்று கவனிக்க வேண்டும். அன்று பொது வோட்டு முதலிலும் குழுவின் பார்வை பிறகும் நடந்தன. பொது வோட்டில் முதல் பதினைந்துக்குள் வந்தவரை மட்டுமே குழு பார்த்தது. யாரும் அறியாத திறமைசாலி பதினாறாவது இடத்தில் இருந்தாலும் நூறாவது இடத்தில் இருந்தாலும் குழுவின் கண்ணுக்கு எட்டவில்லை. அறிமுகமானவர்களிற் சிலரை நீக்க மட்டுமே குழுவால் முடிந்தது. அறிமுகமில்லாதவர் ஒருவரைச் சேர்க்க அதற்கு அதிகாரமில்லை. ஆகவே கூச்சல் மட்டும் மிஞ்சியது. இந்த வரிசையை மாற்ற வேண்டும். போட்டிக்கு வந்த ஒவ்வொரு படைப்பும், எத்தனை சிறியதாயினும், திருவுளச்சீட்டின் மூலம் பொறுக்கப்பட்ட சில அங்கத்தினர்களின் பார்வைக்கு முதலில் செல்ல வேண்டும். ஒருவருக்கு ஐந்தாறு படைப்புகள் என்று பங்கிட்டால் இருபதாயிரம் பேர் உள்ள ஸ்தாபனத்துக்கு அது பாரமாகாது. அவர்கள் நல்லதென்று கண்டவை ஒரு பட்டியலாக வெளியான பிறகு பொது வோட்டு நடக்கட்டும்.

திருவுளச்சீட்டு என்றதும் தமிழர்களுக்கு உத்தரமேரூர் நினைவு வராமலிராது. முதற் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 920-ம் ஆண்டையொட்டிச் செதுக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகளில், தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறை கூறப்பட்டிருக்கிறது. அண்மையில் வாரியத்தில் இருந்தவர் மறுபடியும் குடத்தில் ஏறக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதில் உண்டு. செல்வாக்குள்ளவரே எப்பொழுதும் முன்வருவதைத் தடுக்க ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் பெரியோர் கண்ட உபாயம் இது. இன்று அகாதமியார் அதே உபாயத்தைக் கையாண்டால் அவர்களுக்குக் குறைவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஒரு பிரிவில் ஒரே தொடருக்கு இரண்டு இடங்களுக்கு மேல் கொடுக்கலாகாது. உண்மையில் ஐவரும் ஒரே தொடரில் சிறந்தவர்களாக இருந்தால் என்ன செய்வது என்பது ஆட்சேபம். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் இறுதிப் போட்டிகளில் ஒரு நாட்டுக்கு இருவருக்கு மேல் இடமில்லை. மூன்றாமவர் பிற நாட்டாரைவிடத் திறமைசாலியாக இருந்தாலும் விலகி நிற்கத்தான் வேண்டும். அவ்விதியால் சிற்சில சமயம் ஒருவருக்கு மனவருத்தம் நேரத்தான் செய்கிறது. ஆயினும் போட்டி உலகத்துக்குரியதாக இருக்க வேண்டும் என்ற பெரிய நியாயத்துக்காக அந்தச் சிறிய வருத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மேலும், ஓட்டப் பந்தயத்தைப் போல் நடிப்பை விநாடிக் கணக்கில் அளக்க முடியாது. எட்டாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் வோட்டரின் பழக்கமே.

மூன்றாவது, இறுதிப் படியில் ஒரு பிரிவில் உள்ள எல்லாவற்றையும் பார்த்தவரே அப்பிரிவில் வோட்டளிக்க வேண்டும். பார்த்தேன் என்ற வாய்ச்சொல் மட்டும் போதாது. இது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோர் ஆஸ்கார் பரிசு வழங்கும் திரைப்பட அகாதமியைப் பார்க்கட்டும். 2025 ஏப்ரலில் அந்த அகாதமி, ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட படங்கள் அனைத்தையும் பார்த்தவரே அப்பிரிவின் இறுதி வோட்டில் கலந்துகொள்ளலாம் என்று விதி செய்தது. அகாதமியின் இணையத் திரையில் பார்த்தால் அது தானே பதிவாகும். வேறிடத்தில் பார்த்திருந்தால் எப்பொழுது, எங்கே என்று எழுதிக் கொடுக்க வேண்டும். டெலிவிஷன் அகாதமியாரும் ஒளித்தட்டு அனுப்பும் வழக்கத்தை 2020-ல் நிறுத்தி, பார்வையை இணையத்துக்கு மாற்றிக்கொண்டவர்கள். கருவி கையில் இருக்கிறது. அதைக் கடமைக்கு உபயோகிக்க வேண்டியதே பாக்கி. எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்று சொல்பவரை யாரும் வற்புறுத்தவில்லை. பார்த்த பிரிவில் வோட்டளிக்கட்டும். பாராத பிரிவைப் பார்த்தவர்களுக்கு விட்டுவிடட்டும்.

நான்காவது, வரிசைப்படுத்தி வோட்டளிக்கும் முறையை மீட்க வேண்டும். எட்டுப் பேர் போட்டியிடும் பிரிவில் நூறு பேர் ஆளுக்கு ஒரு பெயரை மட்டும் குறித்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வோட்டு பரவலாகச் சிதறிவிட்டால் 14 பேரின் ஆதரவைப் பெற்றவர் வெற்றி பெற்றுவிடலாம். 86 பேர் வேறொருவரை விரும்பினாலும் பயனில்லை. ஒரே தொடரின் நால்வர் போட்டியிட்டால் அத்தொடரை விரும்புவோரின் வோட்டு நான்காகப் பிளந்து, எவரும் எதிர்பாராதவர் முந்துவதும் உண்டு. முதல், இரண்டு, மூன்று என்று வரிசையிட்டால், பெரும்பாலோர் ஒப்பக்கூடியவர் யார் என்பது வெளிப்படும். ஆஸ்காரில் சிறந்த படத்துக்கான பிரிவில் இம்முறையே 2010-ம் ஆண்டு விழா முதல் நடந்து வருகிறது. இது சிக்கலானது என்ற வாதம் எழுத்தறிவும் கணக்கறிவும் உள்ள ஒரு கூட்டத்தாருக்குப் பொருந்தாது.

ஐந்தாவது, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் வோட்டளித்தார்கள் என்பதையாவது வெளியிட வேண்டும். இன்று அதுவும் வெளியாவதில்லை. தோற்றவர் எத்தனை வோட்டுப் பெற்றார் என்று அறிவிப்பது அவருக்கு அவமானம் என்று கருதினால், அதை மறைத்துவைக்கட்டும். ஆனால் இருபதாயிரம் பேர் பேரால் வழங்கப்படும் கௌரவத்தை உண்மையில் வழங்கியவர் இருநூறு பேரா, இரண்டாயிரம் பேரா என்பதைப் பொதுஜனங்கள் அறிய உரிமையுடையவர்கள்.

நிற்க. பிரிவுகளை வகுப்பதிலும் இதே குறைபாட்டைக் காண்கிறோம். ‘ஆரஞ்ச் ஈஸ் த நியூ பிளாக்’ என்ற தொடரில் ஒரே பாத்திரத்தை நடித்த உசோ அடுபா, 2014-ல் நகைச்சுவைப் பிரிவிலும் 2015-ல் நாடகப் பிரிவிலும் பரிசு பெற்றார். இடையில் மாறியது நடிப்பன்று, விதி. அரை மணித் தொடர் நகைச்சுவை, ஒரு மணித் தொடர் நாடகம் என்று 2015-ல் கடிகாரத்தைக் கொண்டு பிரித்தார்கள். பிற்பாடு அந்த அளவுகோலும் கைவிடப்பட்டது. தயாரிப்பாளர் எந்தப் பிரிவில் வெற்றி எளிதோ அந்தப் பிரிவில் தொடரை நுழைக்கப் பார்ப்பது இயல்பு. பார்த்தவர்களின் குழு ஒன்று இருந்தால், இது சிரிக்க வைத்ததா, அழ வைத்ததா என்று அவர்களைக் கேட்டாலே போதும்.

இத்திருத்தங்கள் எல்லாம் நிறைவேறினாலும் அநீதி அடியோடு ஒழிந்துவிடும் என்று நாம் வாக்களிக்க மாட்டோம். ‘பெட்டர் கால் சால்’ என்ற தொடர் 53 பரிந்துரைகளைப் பெற்றும் ஒரு பரிசையும் பெறாமல் முடிந்தது. அங்கத்தினர்கள் அதை அறியாதவர்கள் அல்லர். அறிந்தே ஒவ்வோர் ஆண்டும் வேறொன்றை விரும்பினார்கள். ரசனையில் நேரும் பிழையைத் திருத்த எந்தச் சட்டத்தாலும் முடியாது. ‘வீப்’ தொடருக்காக ஜூலியா லூயி-டிரைஃபஸ் 2012 முதல் 2017 வரை தொடர்ந்து ஆறு முறை பரிசு பெற்றதும் அவ்வாறே; விரிந்த வோட்டிலும் பழக்கம் தன் வேலையைச் செய்கிறது. பார்த்து, எடை போட்டு, பிழையான முடிவுக்கு வந்தால் அது மனித இயற்கை, மன்னிக்கலாம். பாராமலே முடிவுக்கு வருவது அசிரத்தை. அதை விதியினால் தடுக்க முடியும், தடுக்கவும் வேண்டும்.

சிறு குழுவின் ஆட்சிக்கே திரும்ப வேண்டும் என்று நாம் சொல்வதாக எவரும் தப்பர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். பிரிட்டனில் பாஃப்டா தொலைக்காட்சிப் பரிசுகளை ஜூரிகள் நிர்ணயிக்கின்றன. அம்முறைக்கும் குறைகள் உண்டு. பலரிடம் வோட்டுரிமை இருப்பதே நல்லது என்பதில் நமக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையினால்தான் வோட்டு மலிவடைவதைக் காணச் சகிக்கவில்லை. உரிமையைப் பறிப்பதற்குக் காரணம் தேடுவோர் எங்கும் எக்காலத்தும் இருக்கிறார்கள்; வோட்டர்களின் அசிரத்தையே அவர்களுக்குக் கிடைக்கும் முதல் ஆயுதம். அசிரத்தையை ஒழித்தால் உரிமை தானே காப்பாற்றப்படும்.

நமது நாட்டிலும் தொலைக்காட்சிப் பரிசுகள் பெருகிவிட்டன. தாங்களே ஒளிபரப்பும் தொடர்களுக்குத் தாங்களே பரிசளித்து, அவ்விழாவையும் தாங்களே ஒளிபரப்பிக்கொள்ளும் நிறுவனங்களைப் பார்க்கும்பொழுது, எம்மியின் குறைகள் எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது. அகாதமியார் தங்கள் விதிகளை அச்சிட்டு வெளியிடுகிறார்கள். பிழை என்று கண்டால் மாற்றுகிறார்கள். மாற்றியதும் பிழை என்று கண்டால் மறுபடியும் மாற்றுகிறார்கள். இந்த நாணயம் மெச்சத்தக்கது. இங்கே ஒரு பரிசுச் சங்கத்தை நடத்த முன்வருவோர் முதலில் அந்த நாணயத்தைக் கற்றுக்கொள்ளட்டும். அகாதமியாரோ, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ விதிகளைத் திருத்தியவர்கள், எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு விதியை இனியேனும் ஏற்படுத்துவார்களாக. பார்த்தவர் வோட்டளிக்கட்டும், பாராதவர் பார்த்துவிட்டு வரட்டும்.